நடுவர் படகு இல்லாத போட்டியில் 42-ஆம் விதியை யார் காப்பது?

கண்ணங்குறிச்சி அம்மா

சேலத்தில் பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றிப் பேச எத்தனை பேர் இருப்பார்கள் என்ற தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். என் மகள் ஆப்டிமிஸ்ட் ஓட்டுகிறாள். ஏழரை அடி நீளமுள்ள சின்னப் படகு, ஒரே பாய், ஒரே ஆள். 15 வயது வரைதான் அதில் போட்டியிடலாம். விடுமுறை விட்டால் கடலோரத்துக்குப் போய்ப் பயிற்சி எடுப்பாள். மற்ற நாட்களில் மூக்கனேரிக் கரையில் நின்று காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதோடு சரி.

அண்மையில் வெளியூர் ஏரி ஒன்றில் நடந்த போட்டிக்குப் போயிருந்தோம். காற்று இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாத நாள். காற்றை எதிர்த்துப் போகும் முதல் கட்டத்தை நன்றாகவே ஓட்டி, மேல் மிதவையை நான்காவதாகச் சுற்றினாள். திரும்பிக் காற்றோடு வரும்போது அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த பிள்ளைகள் படகை இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பாய் காற்றை அறைந்தது. படகு ஒரு முழம் முன்னே போனது. ஒவ்வொருவராக அவளைத் தாண்டினார்கள். கரையில் நின்ற ஒரு தந்தை "ஆட்டு, இன்னும் ஆட்டு!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

தண்ணீரில் நடுவர் படகு இல்லை. ஏற்பாட்டாளர்களிடம் போய்ச் சொன்னேன். "குழந்தைகள்தானே, விடுங்கள்" என்றார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், "உங்கள் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்துவிடுங்கள்" என்றார். தோற்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விதியை மதித்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு விதியை மீறச் சொல்லிக்கொடு என்று அறிவுரை வந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இதற்கு விதி இருக்கிறதா? இருந்தால் அதை யார் நடைமுறைப்படுத்த வேண்டும்?

மேட்டூர் என்சிசி

சகோதரி, விதி தெளிவாகவே இருக்கிறது. பாய்மரப் போட்டி விதிகளில் 42-ஆவது. படகின் வேகத்தைக் கூட்டவும் காக்கவும் குறைக்கவும் காற்றும் நீரும் மட்டுமே துணை. உடலை அசைத்து உந்தக் கூடாது. தடுக்கப்பட்டவை ஐந்து. பாயைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டு விசிறுவது பம்பிங். படகை மீண்டும் மீண்டும் சாய்த்தாட்டுவது ராக்கிங். உங்கள் மகளைத் தாண்டியவர்கள் செய்தது இதுதான். உடலைத் திடீரென முன்னே தள்ளிச் சட்டென நிறுத்துவது ஊச்சிங். சுக்கானைத் துடுப்புப் போல அடிப்பது ஸ்கல்லிங். காரணமே இல்லாமல் அடுத்தடுத்துத் திசை மாற்றிக்கொண்டிருப்பது கடைசி.

யார் நடைமுறைப்படுத்துவது என்று கேட்டீர்கள். போட்டியாளர்கள்தான். விதிகளைப் பின்பற்றுவதும் நடைமுறைப்படுத்துவதும் போட்டியாளரின் பொறுப்பு என்று விதிநூல் தொடக்கத்திலேயே சொல்கிறது. உங்கள் மகள் அந்த இடத்திலேயே, அந்தப் படகுக்குக் கேட்கும்படி "புரொட்டஸ்ட்" என்று கூவியிருக்க வேண்டும். 6 மீட்டருக்குக் குறைந்த படகு என்பதால் சிவப்புக் கொடிகூடத் தேவையில்லை. கரைக்கு வந்து உரிய நேரத்துக்குள் எழுத்தில் கொடுத்தால் விசாரணை நடக்கும். மீறல் உறுதியானால் அந்தப் படகு தகுதி இழக்கும். நாங்கள் என்சிசி கப்பற்படைப் பிரிவில் எண்டர்பிரைஸ் வகைப் படகு ஓட்டிய காலத்தில் இப்படித்தான் ஒருவரை ஒருவர் கட்டுக்குள் வைத்திருந்தோம்.

கண்ணங்குறிச்சி அம்மா

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அவளுக்கு 11 வயது. ஆட்டியது ஒரு படகு இல்லை, அவளைச் சுற்றி இருந்த பெரும்பாலான படகுகள். யார் யார் மேல் கூவுவாள்? மாலையில் விசாரணை அறையில் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து "இவன் ஆட்டினான்" என்றால், "இல்லை, அலை ஆட்டியது" என்பான் அவன். சாட்சிக்கு வர வேண்டியவர்களும் ஆட்டியவர்களே. மறுநாள் காலையில் அதே பிள்ளைகளோடுதான் அவள் படகைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும்.

மஞ்சள் கொடி

சில போட்டிகளில் நடுவர் படகில் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேட்டூர் ஐயா சொன்னது விதிப்படி சரி. ஆனால் 42-ஆம் விதி மற்ற விதிகளைப் போன்றதல்ல. இரண்டு படகுகள் மோதினால் இடம் உண்டு, நேரம் உண்டு, யாருக்கு வழியுரிமை என்று கேட்க வழி உண்டு. ஆட்டி ஓட்டுவது தொடர்ச்சியான செயல். பார்த்த கண்ணைத் தவிர வேறு சான்று கிடையாது. எதிராளியை விசாரணைக்கு இழுப்பது மட்டுமே வழி என்றால் இந்த விதி ஏட்டோடு நின்றுவிடும். இதற்காகவே விதிநூலில் இணைப்பு பி (Appendix P) என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள்.

அதன்படி முறையீட்டுக் குழுவின் (புரொட்டஸ்டை விசாரிப்பவர்கள்) உறுப்பினரோ அக்குழு அமர்த்திய பார்வையாளரோ தண்ணீரிலேயே தண்டனை கொடுக்கலாம். விசில் ஊதி, மஞ்சள் கொடியை அந்தப் படகை நோக்கி நீட்டி, பாய் எண்ணை உரக்கச் சொல்வார்கள். எல்லையைக் கடந்து முடித்த பிறகும் காட்டலாம். முதல் முறை என்றால், மற்றப் படகுகளை விட்டு விலகி, ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாக் (படகின் முகப்பைக் காற்றுக்கு ஊடே திருப்புவது), ஒரு ஜைப் (பின்புறத்தைக் காற்றுக்கு ஊடே திருப்புவது). சுற்றினால் கணக்குத் தீர்ந்தது, போட்டியில் தொடரலாம். சுற்றாவிட்டால் விசாரணை இல்லாமலே தகுதி நீக்கம். அதே போட்டித் தொடரில் இரண்டாம் முறை கொடி வந்தால் அந்தப் பந்தயத்திலிருந்து உடனே விலக வேண்டும். விலகாமல் ஓட்டினால் தகுதி நீக்கம். அந்த மதிப்பெண்ணை "மோசமான பந்தயம்" என்று கழித்துக்கொள்ளவும் முடியாது. மூன்றாம் முறைக்கு இன்னும் கடுமை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இணைப்பு பி தானாக வந்துவிடாது. போட்டி அறிவிப்பிலோ நெறிமுறைத் தாளிலோ அது பொருந்தும் என்று எழுதியிருந்தால்தான் உண்டு. எழுதவில்லை என்றால், சுற்றிக் கழிக்கும் வாய்ப்பும் 42-ஆம் விதி மீறலுக்கு இல்லை. இரண்டு சுற்றுத் தண்டனை அடிப்படையில் படகுகள் ஒன்றையொன்று சந்திக்கும் விதிகளுக்கானது. ஆக, ஆட்டிய பிள்ளை போட்டியை விட்டு விலக வேண்டும், அல்லது விசாரணையில் தகுதி இழக்க வேண்டும். "குழந்தைகள்தானே" என்று இரக்கப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மஞ்சள் கொடி இரக்கமானது. அது இல்லாத போட்டியில் ஒன்று, விதி முழுக் கடுமையாக இருக்கும், அல்லது இல்லவே இல்லாமல் போகும். உங்கள் மகள் ஓட்டியது இரண்டாவது வகைப் போட்டி.

கரையில் கத்திய தந்தையைப் பற்றி: அது 41-ஆம் விதியின் எல்லைக்குள் வரும், வெளியார் உதவி. போட்டியோடு தொடர்பே இல்லாத ஒருவர் கேட்காமலே சொல்லும் தகவல் வேறு. பெற்றோர் அப்படிப்பட்டவர் அல்லர். பெற்றோர் போன்ற துணையாளர் செய்யும் மீறலுக்காக அவர் மீதே நடவடிக்கை எடுக்க 2017-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து வழி இருக்கிறது.

ஏற்காட்டான்

எனக்குப் பாய்ப் படகு தெரியாது. ஏற்காடு ஏரிக் கரையிலேயே வளர்ந்தவன். கோடை விழாவில் நடக்கும் படகுப் போட்டியில் துடுப்புத்தான், கை வலுத்தவன் ஜெயிப்பான். அதனால் ஒரு சந்தேகம். எங்கள் ஏரியில் காற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. அண்ணா பூங்கா ஓரம் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். நடு ஏரியில் சிலிர்ப்பு ஓடும். மலை மறைவில் சுழன்று, வந்த பக்கமே திரும்பிப் போகும். அப்படி ஓர் ஏரியில் காற்று செத்துவிட்டால், ஆட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, சுக்கானை அடிக்கக் கூடாது என்றால் அந்தப் பிள்ளை என்னதான் செய்ய வேண்டும்? சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன திறமை இருக்கிறது?

மேட்டூர் என்சிசி

தம்பி, நல்ல கேள்வி. காற்றில்லாத நாளில்தான் படகோட்டியின் தரம் தெரியும். உடலை முன்னால் நகர்த்தி உட்கார்ந்தால் படகின் பின்பகுதி நீரிலிருந்து எழும், இழுவை குறையும். படகை ஒரு பக்கம் சாய்த்து அப்படியே வைத்திருந்தால் நீரைத் தொடும் பரப்பு குறையும்; பாயும் தன் எடையில் தொங்கி வடிவம் பெறும். சாய்த்து வைத்திருக்கலாம். ஆட்டத்தான் கூடாது. மூச்சு விடுவதில்கூடக் கவனம் வேண்டும், ஒரு கால் மாற்றி வைத்தால் பாயில் ஒட்டியிருக்கும் காற்று உதிர்ந்துவிடும். சுக்கானை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். அதோடு நீங்கள் சொன்ன அந்தச் சிலிர்ப்பு எங்கே எழுகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அங்கே போய்க் காத்திருக்க வேண்டும். உங்களைப் போல ஏரியைப் படிக்கத் தெரிந்த பிள்ளை முந்துவான். எல்லாரும் ஆட்டத் தொடங்கினால் இந்தக் கல்விக்கு மதிப்பே இல்லாமல் போகிறது.

எங்கள் ஸ்டான்லி அணை 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போது பாருங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அங்கேகூடக் கரை மேடுகளின் மறைவில் காற்று அறுந்து போகும் இடங்கள் உண்டு.

ஐஎல்சிஏ தம்பி

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் சேலம்தான், சென்னையில் படித்துக்கொண்டே ஐஎல்சிஏ (முன்பு லேசர் எனப்பட்ட ஒற்றையாள் பாய்ப் படகு) ஓட்டுகிறேன். மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

முதலாவது, உடல் அசைவு எல்லாமே குற்றம் என்று பெற்றோர் நினைத்துவிடக் கூடாது. ரோல் டாக் என்று ஒன்று இருக்கிறது. திரும்பத் தொடங்கும்போது படகைக் காற்று போகும் பக்கம் லேசாகச் சாய விடுவோம். பாய் நடுவே வந்து படபடக்கும் கணத்தில், உட்கார்ந்திருக்கும் பக்கமே உடலை வெளியே எறிவோம். படகு எங்கள் மேல் கவிழ்வது போல உருளும். பிறகு மறுபக்கம் தாவி, பாயை இழுத்துக்கொண்டே நிமிர்த்துவோம். கரையில் இருந்து பார்ப்பவருக்கு அது அப்பட்டமான ஆட்டமாகத் தெரியும். விதி அதை அனுமதிக்கிறது, திரும்பாமலே போயிருந்தால் இருந்திருக்கும் வேகத்தைவிடத் திரும்பி முடித்ததும் வேகம் கூடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை வெறும் கண்ணால் எப்படி அளப்பது? அலையில் சறுக்கும் வாய்ப்புள்ள காற்றில், ஓர் அலைக்கு ஒரு முறை பாயை இழுக்கலாம். அடுத்த அலை எது, அதே அலை எது என்று பத்துப் படகு தள்ளி நிற்பவர் எப்படிச் சொல்வார்?

இரண்டாவது, மஞ்சள் கொடி தவறாக வந்தால் பரிகாரம் கிடையாது. நடுவர் ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட சைகையையோ அந்தப் படகு வகைக்குரிய வகுப்பு விதியையோ கவனிக்காமல் விட்டிருந்தால் மட்டும்தான் கேட்க முடியும். மற்றபடி சுற்றிவிட்டுப் போக வேண்டியதுதான். மெல்லிய காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினால் அந்தப் பந்தயமே போய்விடும்.

மூன்றாவது, எல்லா வகுப்புக்கும் ஒரே சட்டம் இல்லை. 470 என்ற படகு வகுப்பில் காற்றின் வேகம் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) அளவைத் தாண்டினால் ஓ (O) எழுத்துக் கொடி ஏற்றிப் பம்பிங் முதலியவற்றை அனுமதித்துவிடுவார்கள். ஃபின் வகுப்பில் 10. பாய்ப் பலகைக்கு (விண்ட்சர்ஃபிங்) விதியே வேறு, அங்கே பாயை விசிறுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. அவர்களுக்குத் திறமையாக இருப்பது எங்களுக்கு மட்டும் குற்றமா?

உடற்கல்வி, ஓமலூர்

படகு எனக்குப் புதிது, ஆனால் இந்தச் சிக்கல் புதிதல்ல. நடைப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் எப்போதும் தரையைத் தொட வேண்டும், முன் கால் முட்டி மடங்கக் கூடாது. ஓடுகிறானா நடக்கிறானா என்று நடுவர் வெறும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதனால் ஒரே நடுவர் கையில் முடிவை விடுவதில்லை. வெவ்வேறு நடுவர்களின் மூன்று சிவப்பு அட்டை சேர வேண்டும். அப்படியும் தகராறு வரத்தான் செய்கிறது. அதற்காக நடுவரே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் நடைப் பந்தயம் ஓட்டப் பந்தயம் ஆகிவிடும்.

ஆனால் ஒரு கவலை. 10, 11 வயதுப் பிள்ளைக்கு நடுப் போட்டியில் விசில் ஊதி எண்ணைக் கூவினால் அவன் சுருங்கிப் போவான். பள்ளி மைதானத்தில் நான் பார்ப்பது அது. முதல் போட்டியில் வாய்மொழி எச்சரிக்கை, அடுத்ததில் தண்டனை என்று வைத்தால் என்ன?

மஞ்சள் கொடி

ஐஎல்சிஏ தம்பிக்கு முதலில். நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் எதுவும் இந்த அம்மாவின் ஏரிக்குப் பொருந்தாது. அங்கே அலை இல்லை. படகு சறுக்கும் காற்றும் இல்லை. அலையோடு இணையாத தொடர் உருட்டல் ராக்கிங்தான் என்று உலகப் பாய்மர விளையாட்டு அமைப்பான வேர்ல்டு செய்லிங்கின் விளக்கங்கள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன. ஒவ்வோர் உருட்டலுக்கும் படகு திசை மாறினாலும் அது மாறாது. தட்டையான நீரில், காற்றோடு போகும் கட்டத்தில், பாய்மரத்தின் நுனி பின்னணியில் உள்ள மலைமுகட்டைத் தொட்டுத் தொட்டு விலகினால் அளவுகோல் எதுவும் தேவையில்லை. ஐயத்துக்கு உரிய ரோல் டாக்குக்கும் இதற்கும் வெகு தூரம்.

நடுவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே தெரிவதில்லை. படகில் இரண்டு பேர் இருப்போம். படகுகளின் பின்னாலோ பக்கவாட்டிலோ, எங்கள் அலை யார் மேலும் படாத தூரத்தில் போவோம். ஒருவர் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்வார்: "எண் இன்னது, ஓர் உருட்டல், இன்னொன்று, உடல் அசைந்த பிறகே பாய்மரம் அசைந்தது." மற்றவரும் அதையே பார்த்தால்தான் விசில். ஒருவருக்கு ஐயம் இருந்தாலும் கொடி வெளியே வராது. கரைக்கு வந்த பிறகு போட்டியாளர் வந்து கேட்டால், பார்த்ததை அப்படியே விளக்குவோம். பரிகாரம் இல்லாத தண்டனை என்பதாலேயே இந்தக் கவனம். ஓ கொடி ஏற்றும் வகுப்புகளைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கே எல்லாருக்கும் தெரியும்படி கொடி ஏற்றி, எல்லாருக்கும் ஒன்றாக அனுமதிக்கிறார்கள். இங்கே நடந்தது, துணிந்தவனுக்கு மட்டும் கிடைத்த அனுமதி.

ஓமலூர் ஆசிரியருக்கு: பிள்ளைகள் சுருங்கிப் போவார்கள் என்ற உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எச்சரிக்கை அந்தப் பந்தயத்தில் ஏமாந்த பிள்ளைக்கு எதையும் திருப்பித் தருவதில்லை. கல்வி கரையில் நடக்க வேண்டும். பந்தயத்துக்கு முன் ஒரு படகை மேட்டில் வைத்து, எது சாய்ப்பு, எது ஆட்டம் என்று செய்தே காட்டலாம். தண்ணீரில் இறங்கியதும் முதல் பந்தயத்தின் முதல் மீறலுக்கே விசில் வர வேண்டும். நான் பார்த்தவரை, முதல் நாள் காலையில் விசில் கேட்டுவிட்டால் மொத்தக் கூட்டமும் ஒழுங்காக உட்காரும். மதியத்துக்குத் தள்ளிப்போட்டால் அதற்குள் ஆட்டுவது வழக்கமாகிவிடும். பிறகு கொடி காட்டினால் "அவனை ஏன் விட்டீர்கள்" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

தொடக்கக் கோட்டையும் மறக்க வேண்டாம். ஆயத்தச் சைகையிலிருந்தே, அதாவது தொடக்கத்துக்கு 4 நிமிடம் முன்பிருந்தே, 42 நடப்பில் இருக்கிறது. கோட்டில் இடம் பிடிக்கச் சுக்கானை அடித்து நகரும் பிள்ளைகளை அங்கேயே பார்க்க வேண்டும். அந்தத் தொடக்கம் திரும்ப அழைக்கப்பட்டால் அந்தச் சுற்றுத் தண்டனை ரத்தாகும், ஆனால் எத்தனையாவது கொடி என்ற கணக்கில் அது சேரும்.

ஐஎல்சிஏ தம்பி

அலையில்லாத ஏரி என்றால் நான் வாதாட மாட்டேன், அண்ணா. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐஎல்சிஏ 7 பிரிவில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணனும், ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை நேத்ரா குமணனும் ஓட்டுவது போன்ற பெரிய போட்டிகளில் நடுவர் படகுகள் பின்னாலேயே வரும். உள்ளூரில் ஆட்டிப் பழகிய பிள்ளை அங்கே போனால் காற்றோடு போகும் முதல் கட்டத்திலேயே விசில் கேட்பான். உடலில் ஏறிய பழக்கம் சொன்னால் இறங்காது. ஆட்டச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கே கெடுதல் செய்கிறார்கள்.

நடுவர்கள் முன்னணியில் இருப்பவர்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள், நடுவில் ஓட்டுபவன் என்ன செய்தாலும் தப்பிக்கிறான் என்ற குறை மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது.

மஞ்சள் கொடி

அந்தக் குறை நியாயமானது. ஒரே நடுவர் படகு இருந்தால் அது நேரத்தான் செய்யும். இரண்டாவது படகு வேண்டும், அதற்கு ஆள் வேண்டும்.

ஏற்காட்டான்

மேட்டூர் ஐயா சொன்ன பதில் எனக்கு நன்றாகப் புரிந்தது. இன்னொன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் மூடுபனி ஒரு நொடியில் இறங்கும். பக்கத்துப் படகு கவிழ்ந்து பிள்ளை தண்ணீரில் கிடந்தால், அப்போதும் காற்றுக்குக் காத்திருக்க வேண்டுமா?

மேட்டூர் என்சிசி

இல்லை தம்பி. ஆபத்தில் இருப்பவருக்கு உதவ எந்த வழியிலும் உந்தலாம் என்று 42-ஆம் விதியே விலக்குத் தருகிறது. சுக்கானை அடிக்கலாம், ஆட்டலாம், கையால் தண்ணீரைத் தள்ளலாம். உதவுவது கடமை என்று விதிநூலின் முதல் விதியே சொல்கிறது. தரை தட்டினால் விடுபடவும் இதே போல விலக்கு உண்டு.

சகோதரி, நான் முதலில் சொன்னதில் ஒன்றை விடமாட்டேன். நடுவர் படகு இருந்தாலும் உங்கள் மகள் "புரொட்டஸ்ட்" என்று கூவப் பழக வேண்டும். நடுவர் கண் படாத இடம் எப்போதும் இருக்கும்.

கண்ணங்குறிச்சி அம்மா

பழக்குகிறேன் ஐயா. அவளிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். சாய்த்து வைத்திருக்கலாம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லையாம். ஆடாமல் இருப்பது என்றால் நேராக இருப்பது என்று நினைத்திருக்கிறாள்.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதப் போகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

மஞ்சள் கொடி

இணைப்பு பி பொருந்தும் என்று போட்டி அறிவிப்பில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள். நடுவர் படகு எத்தனை, அதில் யார் என்று கேளுங்கள். ஆள் இல்லை என்று பதில் வந்தால், முறையீட்டுக் குழு பார்வையாளர்களை அமர்த்தலாம், அதற்கு விதி இடம் தருகிறது என்று சுட்டிக்காட்டுங்கள். தன் பிள்ளை ஓட்டும் வகுப்புக்குப் பெற்றோர் பார்வையாளராக இருக்கக் கூடாது என்பதையும் நீங்களே எழுதிவிட்டால் நல்லது. கரையிலிருந்து கத்துவது 41-ஆம் விதியின்படி பார்க்கப்படும் என்று முதல் நாள் கூட்டத்தில் அறிவிக்கவும் கேளுங்கள். ஒருவர் எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். நான்கு பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

ஏற்காட்டான்

பார்வையாளருக்குப் படகோட்டத் தெரிந்திருக்க வேண்டுமா? எனக்குப் போட்டியில் பிள்ளைகள் யாரும் இல்லை. ஏரியில் எது காற்று, எது ஆட்டம் என்று பார்க்கக் கண் இருக்கிறது.

மஞ்சள் கொடி

விதி தெரிந்திருக்க வேண்டும், அதைக் கற்றுக்கொள்ளலாம். வேர்ல்டு செய்லிங் 42-ஆம் விதிக்கான விளக்கங்களையும் வகுப்பு வாரியாகக் காணொளிகளையும் இணையத்தில் வைத்திருக்கிறது, கட்டணம் இல்லை. ஆப்டிமிஸ்ட் காணொளியிலிருந்து தொடங்குங்கள். ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். எது மீறல் என்று நீங்களே எழுதிக்கொண்டு, பிறகு ஒலியோடு பார்த்து ஒப்பிடுங்கள். தண்ணீரில் முதல் சில பந்தயங்களுக்குக் கொடியும் விசிலும் உடன் இருக்கும் நடுவரிடம் இருக்கும். நீங்கள் பாய் எண்ணையும் பார்த்ததையும் உரக்கச் சொல்ல வேண்டும், நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். பென்சில் கொண்டு வாருங்கள், பேனா ஈரத்தில் எழுதாது.